ரீ-அனிமேட்டர் (1985): கடைசி இருட்டுல மெகன் ஏன் கத்துறா?

செல்லூர்_தறி

முதல்லயே சொல்லிர்றேன், முழுக்கதையையும் உடைச்சுத்தான் பேசப்போறேன். படம் பாக்காதவங்க இந்த ஸ்டாப்லயே எறங்கிக்கங்க.

நேத்து ராத்திரி ரூம்ல மூணு பேரு சேந்து பாத்தோம். முடிஞ்சப்ப மணி ஒன்றரை. கீழ டீக்கடைகூட அடைச்சுட்டாய்ங்க. மூணு பேரும் மூணு முடிவு சொல்லி விடியவிடிய சண்டை. அதான் பஞ்சாயத்தை இங்க கொண்டாந்துட்டேன்.

பாத்து நாளானவங்களுக்காக: ஹெர்பர்ட் வெஸ்ட்டுன்னு ஒரு மருத்துவ மாணவன். செத்த ஒடம்பை எழுப்புற பச்சைத் திரவம் வச்சிருக்கான், இருட்டுல மினுமினுன்னு இருக்கும். கூடப் படிக்கிற டான் வீட்டுல வாடகைக்கு வர்றான். டானோட காதலி மெகன், காலேஜ் டீன் ஹால்சியோட மக. திரவத்தைத் திருடப் பாக்குற டாக்டர் ஹில்லோட தலையை வெஸ்ட் மண்வெட்டியால எடுத்துர்றான். அதோட விட்டானா? ஆராய்ச்சி வெறில தலைக்குத் தனியா, முண்டத்துக்குத் தனியா ஊசி போட்டு எழுப்பியும் விட்டுர்றான். கடைசியில பிணவறையில பொணமெல்லாம் எழுந்து ரகளை. ஹில்லோட குடல் வெஸ்ட்டைச் சுத்தி இழுக்குது. டானும் மெகனும் லிஃப்டுக்கு ஓடுறப்ப ஒரு பொணம் அவ கழுத்தை நெரிச்சுருது. டான் அவளை அவசர சிகிச்சைக்குத் தூக்கிட்டு ஓடுறான், நெஞ்சை அமுக்குறான், ஒண்ணும் நடக்கல. பையில இருந்து பச்சை ஊசியை எடுக்குறான், குத்துறான். திரை இருட்டாகுது. மெகனோட அலறல். அம்புட்டுத்தான்.

எழுந்தது மெகனா, மெகனோட வெறும் ஒடம்பா? வலில கத்துறாளா, பயத்துல கத்துறாளா? இதுல ஒரு முடிவு சொல்லுங்க, இல்லாட்டி இன்னிக்கும் எங்க ரூம்ல யாரும் தூங்கப் போறதில்ல.

மாட்டுத்தாவணி_அப்பு

என்னத்தப் பெரிய முடிவு. காசு தீந்துபோச்சு, லைட்டை அணைச்சுட்டாய்ங்க. 10 லட்சம் டாலருக்கும் கீழ எடுத்த படம்ப்பா அது. இருட்டுக்குச் செலவு கெடையாது, கத்துறதுக்கு ஒரு மைக்கு போதும்.

விளக்குத்தூண்_98

தமிழ் டப்பிங் இருக்கா? வீட்ல எல்லாரும் சேந்து பாக்கலாமா?

மாட்டுத்தாவணி_அப்பு

வீட்லயா! அந்த வெட்டுப்பட்ட தலை மெகன்கிட்ட நடந்துக்குற காட்சி ஒண்ணு இருக்கு. உங்க ஆத்தா விளக்கமாத்தோட வந்து டிவிய அணைக்கும். தனியா பாரு, சத்தம் கம்மியா வச்சுப் பாரு.

தல்லாகுளம்_தண்டோரா

பட்ஜெட்டுன்னு சொல்லி முடிச்சா எல்லாத்தையும் அப்படி முடிச்சுரலாம் அண்ணே. படத்துக்குள்ள என்ன சாட்சி இருக்குன்னு பாப்போம். அந்தத் திரவம் யார் யாருக்குப் போட்டிருக்கு, என்ன ஆச்சு?

ஆரம்பத்துலயே ஜூரிச்சுல வெஸ்ட்டோட வாத்தியார் க்ரூபர். எழுந்தாரு, கத்துனாரு, கண்ணு ரெண்டும் வெடிச்சு மறுபடி செத்தாரு. அப்புறம் டானோட பூனை ரூஃபஸ். ஃப்ரிட்ஜுக்குள்ள செத்துக் கெடக்குது, ராத்திரி பாத்தா கீழ நிலவறையில கத்திக்கிட்டு வெஸ்ட் முதுகுல தொங்குது. ரெண்டாவது தடவை அதையே எழுப்புறப்ப முதுகெலும்பு முறிஞ்ச பூனை முனகுற சத்தம் இருக்கே, படத்துலயே எனக்குத் தாங்க முடியாதது அதுதான். அடுத்து பிணவறையில ஒரு தடியன். எழுந்தான், கதவை உடைச்சான், ஹால்சியைக் கொன்னான்.

இப்ப முக்கியமான ரெண்டு பேரு. ஹால்சி செத்து கொஞ்ச நேரத்துலயே ஊசி போட்டாய்ங்க. வெஸ்ட் சொல்ற மாதிரி இதைவிடப் புதுப்பொணம் கெடைக்காது. எழுந்தவரு எச்சில் ஒழுக்கிக்கிட்டு செவுத்துல முட்டுறாரு. ஹில்லும் அதே மாதிரி சுடச்சுடத்தான். ஆனா அந்த ஆளு தலையை ஒரு தட்டுல வச்சாலும் தெளிவாப் பேசுறான், திட்டம் போடுறான், வெஸ்ட்டையே அடிச்சுப் போட்டுட்டுத் திரவத்தைத் தூக்கிட்டுப் போறான்.

அப்ப புதுப்பொணமா பழசாங்கிறது மட்டும் கணக்கு இல்ல. உள்ள எது ஆழமா இருந்துச்சோ அது மிச்சம் நிக்குது. ஹில்லுக்குள்ள திருட்டும் ஆசையும் இருந்துச்சு, அது நிக்குது. ஹால்சிக்குள்ள மக இருந்தா. அதான் கடைசியில மெகன் கூப்பிட்டதும் அந்த ஆளு திரும்பி ஹில் தலையையே நசுக்குறாரு. இந்தக் கணக்குப்படி மெகன் மெகனாத்தான் எழுந்திருக்கணும். கண்ணு முழிச்சதும் தனக்கு என்ன ஆச்சுன்னு புரியுது. கத்துறா.

செல்லூர்_தறி

நான் பாத்ததுல ஹில் மனோவசியம் பண்ற மாதிரி சீன் நெறைய வந்துச்சே? ஹால்சியை வாழும்போதே கண்ணால மயக்குறான். ரூம்மேட் அப்படி சீனே கெடையாதுங்கிறான்.

தல்லாகுளம்_தண்டோரா

ரெண்டு பேரும் வேற வேற பிரதியை மனசுல வச்சுப் பேசுறீங்க தம்பி. தணிக்கைச் சான்று இல்லாம வெளிவந்த மூலப் பிரதி 86 நிமிஷம். அமெரிக்காவுல ஆர் சான்றுக்காக ரத்தத்தைக் கொறைச்சு, வெட்டிப்போட்டு வச்சிருந்த சீனையெல்லாம் திரும்பச் சேத்தாய்ங்க. அதுலதான் மனோவசியம். மூலப் பிரதில ஹில் பொணங்களோட மண்டையில லேசர் போட்டுத்தான் அடக்கி வைக்கிறான், நாளைக்கும் சண்டை போடாதீங்க.

கோரிப்பாளையம்_நைட்டூட்டி

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல நர்ஸ். பேய்ப்படம் பாக்குற ஆளில்ல, தம்பி பாக்க வச்சான். நீங்க எல்லாரும் கடைசி சீனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. டானை முதல்தடவை எங்க காட்டுறாங்கன்னு யாராச்சும் கவனிச்சீங்களா?

அதே மாதிரி அவசர சிகிச்சை அறை. ஒரு பொம்பள நோயாளி. டான் நெஞ்சை அமுக்குறான், ஷாக் குடுக்குறான், மானிட்டர்ல நேர்கோடு. மூத்த டாக்டரம்மா போதும்னு சொல்றாங்க. இவன் கேக்கல, இன்னும் அமுக்குறான். எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் நல்ல டாக்டர்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அப்புறம் அந்தப் பொணத்தை அவன்தான் பிணவறைக்குத் தள்ளிட்டுப் போறான். டானோட கதையே அங்கதான் தொடங்குது. வெஸ்ட்டை அவன் இன்னும் பாக்கவேயில்ல, பச்சைத் திரவத்தைப் பத்தித் தெரியவே தெரியாது. ஆனா நிறுத்தத் தெரியாத வியாதி அவனுக்கு அப்பவே இருக்கு.

கடைசியில அதே அமுக்கல், அதே நேர்கோடு. இந்தத் தடவை மேசையில இருக்கிறது அவன் காதலி, பக்கத்துல திரவம் இருக்கு. இந்த ரெண்டு சீனுக்கு நடுவுல இருக்குற 80 நிமிஷமும் அந்த ஊசி அவன் கைக்கு எப்படி வந்துச்சுங்கிற கதைதான்.

வேலைய பத்தி ஒண்ணு சொல்றேன். நெஞ்சை அமுக்குறதுன்னா சினிமால காட்டுற மாதிரி தடவிக் குடுக்குறதில்ல. கட்டில் ஒசரமா இருந்தா ஸ்டூல் போட்டு ஏறி நிப்போம். நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் உள்ள போகணும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆள் மாத்தணும், இல்லாட்டி கை போயிரும். வயசானவங்களா இருந்தா விலா எலும்பு விடுற சத்தம் காதுக்கு முன்னாடி உள்ளங்கைக்குத் தெரியும். முதல்தடவை அது தெரிஞ்சப்ப நான் கையை எடுத்துட்டேன். சீனியர் அக்கா "அமுக்குடி"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க.

படத்துல தப்பும் இருக்கு. நேர்கோடு ஓடுறப்ப ஷாக் குடுத்துப் பிரயோசனமில்ல. துடிப்பு தாறுமாறா இருக்குறப்பதான் ஷாக்கு. அது கெடக்கட்டும்.

போன வருஷம் ஒரு பெரியவரு. முக்கால் மணி நேரம் பாத்தோம். டாக்டர் "டைம்?"னு கேட்டாரு, நான் செவுத்துக் கடிகாரத்தைப் பாத்து 3.40ன்னு சொன்னேன். ஊசி மருந்து குப்பியெல்லாம் டிரேல சேத்துக்கிட்டு இருந்தப்ப அவரு மகன் திரையை வெலக்கிக்கிட்டு உள்ள வந்துட்டான். இருவது வயசு இருக்கும். என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு "இன்னும் ஒரே ஒரு தடவை அமுக்குங்க சிஸ்டர்"னான். டாக்டர் என்னையப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. நான் ஸ்டூல்ல ஏறி மறுபடி அமுக்குனேன். பிரயோசனமில்லைன்னு தெரிஞ்சேதான் அமுக்குனேன்.

அந்தப் பையன் கையில அந்தப் பச்சை ஊசி இருந்திருந்தா குத்தியிருப்பான். என் கையில இருந்திருந்தாலும் அவனுக்காகக் குத்தியிருப்பேனோ என்னவோ. அதனால எனக்கு மெகன் எழுந்தாளா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்விதான். அந்த எடத்துல டான் வெஸ்ட் ஆயிட்டான். வெஸ்ட்டாவது ஆராய்ச்சின்னு சொல்லிக்கிட்டான். இவன் பிரியத்துல செய்யிறான், யாரு கேள்வி கேக்க முடியும்?

மாட்டுத்தாவணி_அப்பு

அக்கா, பட்ஜெட்டுன்னு சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

பழைய_பேப்பர்கடை

நர்ஸ் அக்கா சொன்னதுக்கு மூலக்கதையில இருந்து ஒரு சாட்சி. படம் எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதுன தொடர்கதையை வச்சு எடுத்தது. 1922ல ஹோம் ப்ரூங்கிற சின்னப் பத்திரிகையில ஆறு பகுதியா வந்துச்சு. அந்தக் கதையில மெகனே கெடையாது. கதையைச் சொல்றவனுக்குப் பேருகூட இல்ல, வெஸ்ட்டோட கூட்டாளி, அம்புட்டுத்தான். ஹால்சி உண்டு, ஆனா மக கெடையாது.

கதையோட முடிவு என்னன்னா, வெஸ்ட் எழுப்பிவிட்ட பொணங்களே ஒரு ராத்திரி நிலவறைச் செவுத்தைப் பேத்துக்கிட்டு வந்து அவனைப் பிச்சு எடுத்துட்டுப் போயிரும். தலையில்லாத ஒருத்தன் முன்னால வருவான், மெழுகுல செஞ்ச தலையை மாட்டிக்கிட்டு. படத்துல குடல் வெஸ்ட்டைச் சுத்தி இழுக்குற எடத்தோட லவ்கிராஃப்ட் முடிவு முடிஞ்சுபோச்சு. அங்கயே இருட்டாக்கியிருக்கலாம். ஆக்கல. அதுக்கப்புறம் லிஃப்டு, ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம் படக்காரங்க தாங்களாச் சேத்தது. டைரக்டர் ஸ்டூவர்ட் கார்டன் சிகாகோவுல நாடகம் போட்டுக்கிட்டு இருந்தவரு, இதுதான் அவரோட முதல் சினிமா. கடைசியில ஆளை எங்க நிறுத்தி வெளக்கை அணைக்கணும்னு மேடைக்காரனுக்குச் சொல்லித் தரணுமா?

இன்னொண்ணு, இது என் ஊகம்தான். தொடர்கதையோட முதல் பகுதியில ரெண்டு பேரும் ஒரு பாழடைஞ்ச பண்ணை வீட்டுல மொதப் பொணத்துக்கு ஊசி போட்டுட்டு, எழலையேன்னு விட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போவாய்ங்க. அப்ப கும்மிருட்டுல இருக்குற அந்த ரூமுல இருந்து ஒரு அலறல் வரும் பாருங்க. என்ன ஏதுன்னுகூட பாக்காம ஜன்னல் வழியா குதிச்சு ஓடுவாய்ங்க, வெளக்கு சாஞ்சு வீடே எரிஞ்சுபோகும். கடைசி வரைக்கும் அந்த இருட்டுல என்ன எழுந்துச்சுன்னு அவிய்ங்களும் பாக்கல, நாமளும் பாக்கல. கதையோட மொத அலறலைத் தூக்கிப் படத்தோட கடைசியில வச்ச மாதிரி எனக்குப் படுது. ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை ஓட ஆள் இல்ல. டான் பக்கத்துலயே நிக்கிறான்.

விளக்குத்தூண்_98

ரெண்டாம் பாகத்துல எல்லாம் தெளிவாச் சொல்லிட்டாங்களே? 1990ல வந்த பிரைட் ஆஃப் ரீ-அனிமேட்டர். மெகனோட இதயத்தை வெஸ்ட் எடுத்து வச்சிருப்பான், அதைக் காட்டித்தான் டானை மறுபடி இழுப்பான். அப்ப அவ எழலைன்னுதானே அர்த்தம்? கேஸ் முடிஞ்சுச்சு.

தல்லாகுளம்_தண்டோரா

குடும்பத்தோட பாக்கலாமான்னு கேட்ட ஆளு ராத்திரியோட ராத்திரியா ரெண்டாம் பாகமே முடிச்சுட்டியாப்பா!

ரெண்டாம் பாகத்தோட டைரக்டர் பிரையன் யுஸ்னா. மொதப் படத்துக்குத் தயாரிப்பாளர், நெசந்தான். ஆனா அது அஞ்சு வருஷம் கழிச்சு, வியாபாரத்துக்குத் தோதா யோசிச்ச கதை. குடல் இழுத்துட்டுப் போன வெஸ்ட் எப்படித் தப்பிச்சான்னே அதுல யாரும் பெருசா அலட்டிக்கல. அதை வச்சு 1985ல வந்த படத்தோட இருட்டுக்கு அர்த்தம் எழுதுறது, பேரன் சொன்ன கதைய வச்சுத் தாத்தன் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ற மாதிரி.

பழங்காநத்தம்_வாத்தியார்

பேய்ப்பட இழையில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு, செத்தவன் எழுந்த கதையை அமெரிக்காவில் தேடுகிறீர்களே என்றுதான் எழுதுகிறேன்.

சிலப்பதிகாரம், ஊர்சூழ் வரி. கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். கண்ணகி வருகிறாள். இந்த ஊரில் பெண்டிர் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம்தான் உண்டா என்று கேட்டுப் புலம்பிவிட்டு அவன் உடலைத் தழுவுகிறாள். அவன் எழுந்து நிற்கிறான். உன் நிலவு முகம் வாடிப்போயிற்றே என்று சொல்லி அவள் கண்ணீரைக் கையால் துடைக்கிறான். அவள் விழுந்து இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்துக்கொள்கிறாள். நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டு, உடம்பை உதறி, தேவர் கூட்டத்தோடு போய்விடுகிறான். எண்ணிப் பார்த்தால் சில வரிகள்தான். எங்கள் பகுதியில் கோவலன் பொட்டல் என்று ஒரு இடம் உண்டு, கோவலன் வெட்டுப்பட்ட இடம் அதுதான் என்பார்கள். அந்தப் பக்கமாகத்தான் நான் தினம் காய்கறி வாங்கப் போகிறேன்.

கண்ணகி காலைப் பிடித்தாளே ஒழிய பிடித்து நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்றும் சொல்லலாம். அவளிடம் மிஞ்சியது கோபம், அது ஊரை எரித்தது. டானிடம் மிஞ்சியது மருந்து. மெகனின் அலறலை நான் கேட்டபோது எனக்குத் தோன்றியது, "இங்கே இரு" என்று சொல்லிவிட்டுப் போகிற உரிமை அவளுக்குக் கிடைக்காமல் போயிற்றே என்பதுதான்.

மாட்டுத்தாவணி_அப்பு

வாத்தியாரய்யா, பாண்டியன் அவையில வெஸ்ட் மட்டும் அரண்மனை வைத்தியரா இருந்திருந்தா கோவலன் தலை ஒரு தட்டுல, முண்டம் ஒரு மூலைலன்னு நம்மூரு கதையே மாறியிருக்கும்.

பழங்காநத்தம்_வாத்தியார்

நீ என் வகுப்பில் படித்தவன் மாதிரியே பேசுகிறாய்.

கார்பன்குச்சி

தம்பிகளா, நான் முப்பது வருஷம் ஆப்பரேட்டரு. மொதல்ல டூரிங் டாக்கீஸ், அப்புறம் டவுனுக்குள்ள. 1952ல தொறந்த தங்கம் தியேட்டர்ல தரை டிக்கெட்டுல படம் பாத்து வளந்தவன். இந்தப் படத்தைக் கேசட்டுலதான் பாத்தேன், பேரனுக்குத் தெரியாம.

இருட்டுன்னா என்னன்னு நான் சொல்றேன். அப்ப புரொஜெக்டருக்குள்ள ரெண்டு கார்பன் குச்சி எதிரும் புதிருமா நிக்கும். நடுவுல நெருப்புப் பொறி, அதோட வெளிச்சம்தான் திரையில படம். குச்சி எரிய எரிய எடைவெளி கூடும், பக்கத்துலயே நின்னு திருகித் திருகிச் சேத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிஷம் பீடி பத்தவைக்கத் திரும்புனா போதும், வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, அணைஞ்சுரும். ஆனா சவுண்டு நிக்காது! அது வேற பல்பு. திரை கருப்பா இருக்கும், கதாநாயகி பேசிக்கிட்டே இருப்பா. கீழ இருந்து விசிலும் வசவும் வரும் பாருங்க, என் ஆத்தா அப்பன் யாரையும் விட மாட்டாய்ங்க.

அதனால அந்தக் கடைசி சீன்ல திரை கருத்து, சத்தம் மட்டும் வந்தப்ப என் கை தன்னால எந்திரிச்சுருச்சு, குச்சியைத் திருக. வேலைய விட்டு இம்புட்டு வருஷமாச்சு. மனுசன் வேணும்னே அணைச்சிருக்கான்னு புரிய ரெண்டு செகண்டு ஆச்சு. அதுக்குள்ள படம் முடிஞ்சுருச்சு.

அவ எழுந்தாளா செத்தாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா அப்பு சொல்ற மாதிரி காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு அணைச்சதுன்னு ஒத்துக்க மாட்டேன். பொணம் எழுற சீன் படம் பூரா காட்டியாச்சு. இன்னும் ஒண்ணு காட்ட மேக்கப்புக்குப் பெருசா என்ன செலவு? இதை மட்டும் காட்டலைன்னா, காட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான்.

மாட்டுத்தாவணி_அப்பு

சரிண்ணே, மீதிப் பாதியும் வாபஸ்.

செல்லூர்_தறி

எல்லாத்தையும் படிச்சுட்டு ஹெட்போன் மாட்டி அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் ஆறு தடவை பாத்தேன். தண்டோரா அண்ணன் சொன்ன கணக்கு எனக்குச் சரியாப் படுது, மெகன் மெகனாத்தான் எழுந்தா. ஆனா அக்கா சொன்னதுக்கப்புறம் என் கண்ணு அவ மேல போகல. டான் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊசியை எடுக்க அவன் ரொம்ப நேரம் யோசிக்கல.

இன்னிக்கு ராத்திரி ஃப்ரம் பியாண்ட் (1986) போடலாம்னு ரூம்ல முடிவு. அதே கார்டன், வெஸ்ட்டா நடிச்ச அதே ஜெஃப்ரி கோம்ப்ஸ், மெகனா நடிச்ச பார்பரா கிராம்ப்டன். இந்தத் தடவை பத்து மணிக்கே ஆரம்பிச்சுருவோம்.

நைட்டூட்டி அக்கா, கேக்கக் கூடாதோ என்னவோ. அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?

கோரிப்பாளையம்_நைட்டூட்டி

மறுநாள் சாயங்காலம் வந்தான் தம்பி. மொட்டை போட்டிருந்தான். அப்பாவோட செருப்பு கட்டிலுக்கு அடியில கெடக்குதான்னு கேட்டான். வேற நோயாளி வந்துட்டாங்க, ஆயாம்மா அதை ஒரு பையில போட்டு ஓரமா வச்சிருந்தாங்க. எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரு அறுந்து ஊக்கு குத்தியிருந்துச்சு. வாங்கிட்டு, "நேத்து கையை ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டேனா சிஸ்டர்"னு கேட்டான். இல்லப்பான்னேன்.